புளி ஊற்றிய கிழங்கு

மத்திய சிறை, மதுரை
12.1.2025

ஜூலியட்டுக்கு,

சேசு மரி சூசை துணை. நான் இங்கே சுகம். அம்மாவும் நீயும் சுகமா? மலையில் இந்த வருஷம் உறைபனி அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தான். அம்மாவுக்கு இரண்டு கம்பளியாகப் போர்த்து.

போன மாதம் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாயே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அத்தைக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு" என்று மளிகைக்கடைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாய். நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா செத்த பிறகு வில்பட்டியில் அடுத்தவன் கேரட் காட்டில் கூலிக்குக் குனிந்து என்னை ஆளாக்கியவள். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் எனக்கு.

பொன்னுவேலை நான் வேண்டுமென்றா கொன்றேன்? வண்டிக்கு வழி விடு என்றேன், வாய் பேசினான், கையில் ஜாக்கி லிவர் இருந்தது, அடித்துவிட்டேன். அதற்குப் பத்து வருஷம். மூன்று முடிந்துவிட்டது, இனி பரோல் கேட்கலாம் என்று இங்கே சொன்னார்கள். மனு கொடுத்திருக்கிறேன். விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். "அவர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல். அவ்வளவுதான் உன் சோலி. வேறு கதை எதுவும் அவரிடம் வைத்துக்கொள்ளாதே.

நாயுடுபுரத்தில் ஏதோ கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். அங்கே மிஞ்சுகிற வெள்ளைக்காரக் கிழங்கையெல்லாம் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுவிடாதே. செலரியாக்கைக் கருணைக்கிழங்கு என்று நினைத்து, தொண்டை அரிக்கும் என்று புளி ஊற்றி வேகவைத்த ஆள்தானே நீ. கூட்டாளிகள் முன்னால் அன்றைக்கு என் மானம் போனது.

ஆணியில் தொங்குமே என் நீலக் கட்டம் போட்ட சட்டை, அதைத் துவைத்து இஸ்திரி போட்டு வை. பரோலில் வந்தால் அதைத்தான் போடுவேன்.

கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பார்த்து எழுது. அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆக்னல்


வில்பட்டி
2.2.2025

அன்புள்ள கணவருக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே நானும் அத்தையும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். நீங்கள் சொன்னபடியே இரண்டு கம்பளி போர்த்துகிறேன். காலையில் வெள்ளனே எழுந்து அத்தைக்கு உடம்பு துடைத்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் நாயுடுபுரம் போகிறேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்கா எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

நான் வேலை பார்க்கும் வீட்டம்மா பெயர் தமயந்தி. கோயம்புத்தூர்க்காரர். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டு, நமக்குப் பெயரே தெரியாத கிழங்குகளையெல்லாம் விளைவிக்கிறார். தங்க வருகிறவர்கள் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்களாம். கோணல்மாணலாக வருவதை என்னிடம் கொடுத்துவிடுவார்.

பார்ஸ்னிப் என்று ஒன்று. வெள்ளையாக, கேரட் சாடையில் இருக்கிறது. முதல் நாள் முள்ளங்கி என்று நினைத்துச் சாம்பாரில் போட்டுவிட்டேன். சாம்பார் பாயசம்போல இனித்தது. பயந்துபோய் அடுப்பை விட்டு நான்கு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். தமயந்தி அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "அட, இதுக்கா இப்படி நடுங்குறீங்க? இன்னொண்ணு எடுத்துக்கோங்க ஜூலியட், நான் சொல்லித் தர்றேன்" என்று சிரித்தார். சட்டி அதன் பாட்டுக்கு அடுப்பில் கிடந்தது.

இப்போது நன்றாகவே கற்றுக்கொண்டேன். தோலைச் சீவி, நடுவில் இருக்கும் நாரை எடுத்துவிட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழையும்போது இறக்கி, வெண்ணெயும் ஒரு கரண்டி பாலும் விட்டு மசித்து, மிளகைத் தட்டிப் போட்டால் தீர்ந்தது. மெல்ல வேண்டியதே இல்லை. அத்தைக்கு அதைத்தான் கொடுக்கிறேன். தமயந்தி அம்மா ஊட்டுவதற்கென்று நல்ல ஸ்பூன் ஒன்று கொடுத்தார். வேண்டாம் என்றுவிட்டேன். வலது கையாலேயே ஊட்டுகிறேன். சூடு பார்த்துத்தான் ஊட்டுகிறேன், இருந்தும் அத்தைக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

சட்டையைக் கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். அது கையில் இல்லாமல் எனக்கு ஒரு வேளை ஓடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலியட்


மதுரை
20.2.2025

ஜூலியட்,

நான் சுகம்தான். அங்கே சுகமா?

உன்னிடம் நான் சமையல் குறிப்பா கேட்டேன்? அதிகாரி வந்தாரா, நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அதற்கு ஒரு வரி இல்லை. வெண்ணெயாம், பாலாம், மிளகாம். இங்கே தண்ணீரில் முள்ளங்கி மிதக்கிறது, அதற்குப் பெயர் சாம்பார். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு அது சுத்தமாக இறங்கவில்லை. எரிச்சலில் கிழித்துப் போடத்தான் எடுத்தேன், எடுத்தவன் மறுபடி படித்துத் தொலைத்தேன். ஜெயமுருகன் என்று பக்கத்தில் படுக்கிறவன், "அண்ணே, அந்தக் கெழங்கு மசிக்கிற எடத்த இன்னொரு தடவ வாசிங்க" என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இங்கிருந்து போன் பேச உன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கு வாரமாக அடிக்கிறேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. என்னடி விளையாட்டு இது? நான் உள்ளே இருக்கிறேன் என்றுதானே? என்றைக்கும் உள்ளேயே இருக்க மாட்டேன்.

அம்மா பக்கத்தில் நின்று, "ஆக்னல் வர்றான்" என்று சத்தமாகச் சொல். பேச்சு போனாலும் காது கேட்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஆக்னல்


வில்பட்டி
30.3.2025

அன்புள்ள கணவருக்கு,

தவக்காலம் நடக்கிறது. நானும் அத்தையும் நலம். நீங்கள் ஒருசந்தி பிடிக்கிறீர்களா? உடம்பு தாங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். வீட்டுக்குள் டவர் எடுப்பதில்லை, அதனால் போனை அணைத்தே வைக்கிறேன். கெஸ்ட் ஹவுஸ் வேலையும் அதிகம். அதிகாரி இன்னும் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி அத்தை காதில் சொன்னேன். "அவர் வர்றேன்னு எழுதியிருக்காரு அத்தை" என்றேன். நன்றாக இருக்கும் கையைத் தூக்கி, ஆணிப் பக்கம் காட்டினார்கள். சட்டை அங்கே இல்லை. அடுப்படியில் இருந்தது. எடுத்துவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இறைச்சி இல்லாத நாளாயிற்றே, என்ன சமைப்பது என்று யோசித்தபோது தமயந்தி அம்மா ஒரு விஷயம் சொன்னார். சௌசௌக் கொடியின் அடியில் கிழங்கு இருக்குமாம், அதையும் சாப்பிடலாமாம். நானும் இத்தனை வருஷம் சௌசௌவின் காயைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் அத்தை பந்தல் போட்டு, ஒரு சருகு உதிர்ந்தால்கூடப் பொறுக்காமல் வளர்த்தார்களே, அந்தக் கொடியைத் தோண்டினேன். கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். பேச்சு இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

ஒரு பக்கத்துக் கிழங்கை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடினால் கொடி பிழைத்துக்கொள்ளும் என்று தமயந்தி அம்மா சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரு கூடை வந்தது. தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்தால் மரவள்ளியைவிட மாவாக இருக்கிறது. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து எனக்கும், வெறுமனே மசித்து அத்தைக்கும் எடுத்துவைத்தேன். முதல் வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். காத்திருந்தேன். பசி வந்ததும் சாப்பிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலியட்


மதுரை
15.4.2025

அன்புள்ள ஜூலியட்டுக்கு,

பெரிய வியாழன் நெருங்குகிறது. நீ சுகமா? அம்மா சுகமா? உன் கை எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் அந்த இரண்டு விரலும் விறைத்துக்கொள்ளும் என்று முன்பு ஒரு தடவை சொன்னாய். நான் அப்போது காதில் வாங்கவில்லை. தைலம் ஏதாவது வாங்கித் தடவு.

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. கொடி போனால் போகிறது, நான் வந்து வேறு நட்டுத் தருகிறேன். நீ எதைச் சமைத்தாலும் சரி. புளி ஊற்றினாலும் சாப்பிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், இங்கே ராத்திரி படுத்தால் வெந்த கிழங்கு வாசம்தான் வருகிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அதிகாரி வந்தால் நல்லபடியாகச் சொல். மூன்று நாள் போதும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் மேல் ஒரு விரல் படாது. அம்மா எனக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், எனக்குத் தெரியும். அவள் போவதற்குள் நான் வந்தாக வேண்டும் ஜூலியட். காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஆக்னல்


வில்பட்டி
18.5.2025

அன்புள்ள கணவருக்கு,

பாஸ்கா விழா வாழ்த்துகள், பிந்திச் சொல்கிறேன். இங்கே நலம். நீங்கள் நலமா? சீசன் கூட்டம். நாயுடுபுரம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ரோட்டில் வண்டி நகரவில்லை.

என் கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கை அப்படியேதான் இருக்கிறது.

அதிகாரி போன செவ்வாய்க்கிழமை வந்தார். பெயர் கதிர்வேல். நல்ல மனிதர். வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வந்து, நம் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிவந்தார். கொலைப்பசியில் இருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. அடுப்பில் அன்றைக்குச் செலரியாக் சூப் இருந்தது.

அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பார்க்கக் கருணைக்கிழங்குபோல முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். கீழே நெய்க்காரப்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அரிக்கவே அரிக்காது. புளி வேண்டியதே இல்லை. தோலைத் தடிமனாகச் சீவிவிட வேண்டும். நறுக்கினால் கறுக்கும், எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அப்புறம் பூண்டு நான்கு பல் வதக்கி, கிழங்கைப் போட்டு, பால் விட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் வைத்தால் குழைந்துவிடும். மல்லித்தழையா, சீரகமா என்று சொல்ல முடியாத ஒரு வாசம். கற்றுக்கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அவர் அத்தையைப் பார்த்தார். என்னையும் கேட்டார். "அவர் வந்தா உங்களுக்கு ஏதும் தொந்தரவு இருக்குமாம்மா? பயப்படாமச் சொல்லுங்க" என்றார். "ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன். நீங்கள் சொல்லச் சொன்னபடியே, "அவர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றும் சொன்னேன். பிறகு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, வலது கையால் அவரிடம் நீட்டினேன். அவர் கிண்ணத்தை உடனே வாங்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. "இது எப்படிம்மா ஆச்சு?" என்றார்.  அத்தை பக்கம் பார்த்தேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சூப்பை முழுக்கக் குடித்தார். ரொம்ப ருசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலியட்


மதுரை
20.7.2025

ஜூலியட்,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. பரோல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். "வீட்டுச் சூழ்நிலை உகந்ததாக இல்லை" என்று ஒரு வரி. ஆட்சேபணை இல்லை என்று வாயால் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாய். கைகாரி! பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை, குடித்திருந்தவன் ஏதோ ஆத்திரத்தில் செய்ததை, இத்தனை நாள் சேமித்து வைத்துக் காட்டியிருக்கிறாய். அன்றைக்கே போலீசுக்குப் போயிருக்க வேண்டியதுதானே? போகவில்லை. எண்ணெய் கொட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நீதானே சொன்னாய்? வெளியே வந்து உன்னை என்ன செய்கிறேன் பார் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுத மாட்டேன். இதை நான்கு பேர் படிக்கிறார்கள்.

மறுபடி மனு போட வேண்டுமென்றால் பல மாதம் ஆகும். அதுவரை அம்மா தாங்குவாளா தெரியவில்லை. அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். கீழே இருப்பதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதில் விழும்படி படி. இதையாவது செய். உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அம்மா, நான் ஆக்னல். சுகமா இருக்கேன். மூணு வேளையும் சாப்பிடுறேன், வெசனப்படாத. நீ கேரட் காட்டுக்குப் போறப்ப என்னை இடுப்புல கட்டிக்கிட்டுப் போவியே, அந்தச் சேலை வாசம் இன்னும் எனக்கு மறக்கல. நான் கெட்டவந்தான். ஆனா உனக்கு ஒரு நாளும் கெட்டவனா இருந்ததில்ல. எனக்காக இரு. வெரசா வந்துருவேன். நீ கண்ணை மூடிறாதம்மா.

ஆக்னல்


வில்பட்டி
12.9.2025

அன்புள்ள கணவருக்கு,

மாதா பிறந்தநாள் நல்லபடியாக முடிந்தது. நான் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். மழை விடாமல் பெய்ததில் எழுத நேரமில்லாமல் போய்விட்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டபடியே அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. அமைதியாக இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு வலியோ புண்ணோ எதுவும் இல்லை. ராத்திரியில் முனகுவதும் நின்றுவிட்டது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டாம் என்று இடமும் மாற்றியாயிற்று. தைலமரத்தடி, நல்ல காற்று. கோயில் மணி பக்கத்திலேயே கேட்கும். நான் ஞாயிறுதோறும் பூசை முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

புதன்கிழமை நிறையப் பேருக்குச் சமைத்தேன். செலரியாக்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, அரிசி மாவும் மிளகாய்த்தூளும் புரட்டி வறுத்தேன். வந்தவர்கள் எல்லாரும், "இது என்ன கெழங்கு, மீன் வறுவல் தோத்துது" என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அத்தை மட்டும் சாப்பிடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலியட்


கூக்கால்
5.10.2025

ஏலே ஆக்னலு,

சித்தப்பா அடைக்கலராஜ் சொல்லச் சொல்ல மக எழுதுறா. சுகமா இருக்கியாய்யா? எனக்கு முழங்காலு வலி, மத்தபடி ஒரு கொறையும் இல்ல. முந்தியே எழுதணும்னு நெனச்சேன். பூண்டு வெதைக்கிற சோலி, அதோட வாய் வரல.

எல்லாருக்கும் ஒரு நா உள்ளதுதான்யா. உன் ஆத்தா கித்தேரியம்மா மவராசியாப் போயிருச்சு. மதினி இப்படி மாசக்கணக்காக் கெடக்குதேன்னு நாங்கல்லாம் பயந்தோம். ஆகஸ்டு பன்னெண்டு, செவ்வாக்கெழம காலையில தூக்கத்துலயே அடங்கிருச்சு. தகவல் வந்து, பஸ்ஸு புடிச்சு நான் போய்ச் சேர மறுநா ஆயிருச்சு.

எனக்கு ஒண்ணுதான் நெஞ்சுல கெடந்து அறுக்குது. நீ வருவே வருவேன்னு பெட்டியக் குழிக்கிட்ட வச்சுக்கிட்டு நின்னோம். சாமியாரும் பொறுத்துப் பாத்தாரு. ஜூலியட்டுதான், "ஜெயிலுக்குத் தகவல் குடுத்தாச்சு மாமா, விட மாட்டோம்னுட்டாங்க"ன்னு சொல்லுச்சு. அப்புறம் மழ தூத்தல் போட்டுச்சு, எறக்கிட்டோம். பெத்த மகன் போட வேண்டிய மொதப் பிடி மண்ண நாந்தான்யா போட்டேன். உனக்குப் பதிலாப் போடுறேன்னு சொல்லித்தான் போட்டேன்.

தைலமரத்துக்குக் கீழதான் மதினி இருக்கு. முப்பதாம் நாப் பூசையும் சாப்பாடும் ஒத்தப் பொம்பளையா நின்னு உன் பொண்டாட்டி நடத்துச்சு. அத்தன மாசமும் பீ மூத்திரம் அள்ளி, பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டிப் பாத்திருக்கு. இப்படி ஒரு மருமக யாருக்கும் வாய்க்காதுன்னு ஊரே சொல்லுது. நீ வந்து அதக் கண்கலங்காம வச்சுக்க. உடம்பப் பாத்துக்க.

சித்தப்பா


மதுரை
14.10.2025

ஜூலியட்,

சித்தப்பா கடிதம் வந்தது.

உன் செப்டம்பர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீ ஒரு பொய்கூட எழுதவில்லை.

ஒரு போன் போதும். இந்த ஆபீசுக்கு ஒரே ஒரு போன் அடித்திருந்தால் போலீஸ் காவலோடு கூட்டி வந்திருப்பார்கள். ஜெயமுருகனை அவன் அப்பா செத்தபோது அப்படித்தான் கூட்டிப் போனார்கள். விலங்கு போட்ட கையோடாவது மண் போட்டிருப்பேன். அம்மா செத்த அன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து முள்ளங்கி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

என்னைச் செய்திருக்கலாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். உன் கையைப் பிடித்துச் சட்டியில் வைத்தவன் நான். எங்கம்மா உன்னை என்னடி செய்தாள்? அவள் ஒரு அடி அடித்திருப்பாளா உன்னை? அவளை என் முகம் பார்க்காமல் சாகவிட உனக்கு எப்படி மனசு வந்தது?

இதற்கு மட்டும் பதில் எழுது. கிழங்கைப் பற்றி எழுதாதே.

ஆக்னல்


வில்பட்டி
2.11.2025, கல்லறைத் திருநாள்

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? இதைப் படிக்கும் ஆபீஸ் சாருக்கும் வணக்கம். பத்து மாதமாக எங்கள் கடிதங்களைப் படிக்கிறீர்கள். இதையும் முழுக்கப் படித்துவிட்டே கொடுங்கள்.

காலையில் கல்லறைக்குப் போய், அத்தைக்குச் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

கிழங்கைப் பற்றி எழுதாமல் எப்படிப் பதில் சொல்வது? கல்யாணமாகி ஆறாவது மாதம். ஓட்டலில் கழித்துவிட்ட செலரியாக்கை நீங்கள்தான் ஜீப்பில் கொண்டுவந்து போட்டீர்கள். என்ன கிழங்கு என்று கேட்டேன். "கெழங்குன்னா கெழங்குதான், வேக வை" என்றீர்கள். யாருக்கும் தொண்டை அரிக்கக் கூடாதே என்றுதான் புளி ஊற்றினேன். உங்கள் கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்தீர்கள். "கருணைன்னா நெனச்ச? இந்தா, கைய விட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்க" என்று மணிக்கட்டைப் பிடித்தீர்கள். சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அத்தே, அத்தே" என்று கத்தினேன். எழுந்தார்கள். எனக்காகத்தான் எழுந்து வருகிறார்கள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்கள். "சத்தம் வெளிய கேக்குதுடி, மெதுவா" என்றார்கள். ஆஸ்பத்திரியில் எண்ணெய் கொட்டியதாகச் சொன்னது நான் அல்ல, அவர்கள். எனக்கு அன்றைக்குப் பேச வரவில்லை.

உங்கள் மேல் இருப்பது கோபம். அத்தை மேல் இருந்தது அது இல்லை. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஆனால் நான் அவர்களை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. ஒரு அதட்டல் அதட்டியதில்லை. படுக்கைப் புண் வர விட்டதில்லை. நல்ல நல்ல கிழங்காக எடுத்துவந்து, புதிது புதிதாகக் கற்றுக்கொண்டு, மெத்து மெத்தென்று மசித்து, இந்தக் கையால் ஊட்டினேன். ஒட்டிப்போன இந்த இரண்டு விரலும் ஒவ்வொரு வாய்க்கும் அவர்கள் உதட்டில் படும். கண்ணை மூடிக்கொள்வார்கள். திறக்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வாய் கொடுப்பேன். அவர்களால் ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட முடிந்தது, ஒரு கையால். எதற்குக் கும்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி, "இன்னும் கொஞ்சம் வேணுமா அத்தை?" என்று கேட்டேன்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்தபோது அத்தைக்கு உயிர் இருந்தது. உறையைக் காட்டினேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. எழுந்துவிடப் பார்த்தார்கள். பிரிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் பிரித்துப் படித்தேன், நீங்கள் கேட்டபடியே பக்கத்தில் உட்கார்ந்து.

எனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டீர்கள். வந்தது. நான் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. அதை நினைத்தால் எனக்கே சில நேரம் பயமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமென்று காலையில் கல்லறையில் நின்றுகூட முயன்று பார்த்தேன். வரவில்லை.

ஜனவரியில் தமயந்தி அம்மா வீட்டுக்கே குடி போகிறேன். அவர் முகவரியை உங்களுக்குத் தர மாட்டேன். இந்த வீட்டுச் சாவி சித்தப்பாவிடம் இருக்கும்.

உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையை நான் கூடவே கொண்டுபோகிறேன். நீங்கள் ஜெயிலுக்குப் போன மாதமே அதை நான்காகக் கிழித்துக் கரித்துணியாக்கிவிட்டேன். ஆணியில் கடைசியாகத் தொங்கிய துண்டையும் மார்ச் மாதம் எடுத்துவிட்டேன். அத்தை தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நல்ல தடித்த துணி. எவ்வளவு கொதிக்கிற சட்டியாக இருந்தாலும் அதைப் பிடித்து இறக்கினால் எனக்குக் கை சுடுவதில்லை.

இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலியட்